எட்டுத் துண்டுக் கொலையாளி

டிரிங்... டிரிங்...

சப்-இன்ஸ்பெக்டர் துளசிங்கம் டெலிபோனைப் பார்த்தார். டெலிபோனும் அவரைப் பார்த்தது.

இரண்டுமே களைத்துப் போயிருந்தன.

முப்பத்தோரு வருட சர்வீஸில் அந்தக் கருவி ஒரு தடவைகூட நல்ல சேதி சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொல்ல வந்தது. பாதியில் லைன் கட்!

எடுத்தார்.

“சார்... ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். திருவாலங்காடு குமரேசன் காலையில ஆறு மணிக்கு செத்துட்டாரு!”

“ஆஸ்பத்திரின்னா ரெண்டு பேரு சாவத்தான்யா செய்வாங்க. அதுக்கு எனக்கெதுக்குப் போன்?”

“விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்கன்னு அவரு சம்சாரம் கத்திகினு இருக்குது சார். டிராக்டர் வெச்சுகினு முப்பது பேரு கிளம்பிட்டாங்க...”

“எங்க?”

“நம்ம ஸ்டேஷனுக்குத்தான்!”

துளசிங்கம் போனை வைத்தார். கண்ணை மூடினார். திறந்தபோது டிராக்டர் வாசலில் நின்றிருந்தது.

2009, அக்டோபர். காய்ச்சல் பயத்தில் ஊரே மூக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த மாதம். முகமூடிக்குத் தட்டுப்பாடு வந்து, திருத்தணி மலையடிவாரத்தில் காவித் துண்டு எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. டிராக்டரிலிருந்து இறங்கிய முப்பது பேரும் அந்தத் துண்டில்தான் முகத்தை மூடியிருந்தார்கள். கொள்ளைக் கூட்டமோ என்று ஏட்டு சிங்காரம் லாக்கப் பக்கம் ஓடினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். இறந்துபோன குமரேசனின் மனைவி சுலோச்சனா.

“மூணு தடவை சொன்னாரு சார்!”

“என்னம்மா சொன்னாரு?”

“பந்தி... பந்தி... பந்தின்னாரு! அத்தோட கண்ணு சொருகிடுச்சு! போன திங்கக்கிழமை கல்யாணப் பந்தியில சாப்ட்டாரு. புதங்கிழமை காய்ச்சல். இன்னிக்கு சனிக்கிழமை... பொணம்!”

“யாரு மேலயாவது சந்தேகம்...?”

“சமையக்காரரு ஸ்ரீகண்டன்! பந்தியிலயே ரெண்டு பேருக்கும் சண்டை. ‘இதுக்கு மேல ஒரு பருக்கை உனக்குக் கிடையாது’ன்னு கத்தினாரு. முந்நூறு பேரு கேட்டாங்க சார்!”

முந்நூறில் முப்பது பேர் அங்கேயே இருந்தார்கள்.

“ஆங்! நானும் கேட்டேன்!” என்றார்கள் முப்பது பேரும்.

அவர்களில் மீசை பெரிதாக இருந்தவர் முன்னால் வந்தார்.

“நாலு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள அவரை கோர்ட்டுக்கு அனுப்பலைன்னா, நாங்க திருப்பதி ரோட்டுல உக்காந்துடுவோம்!”

திருப்பதி ரோட்டில் முப்பது பேர் உட்கார்ந்தால் ஏழுமலையானுக்கே அன்றைக்கு மொட்டை குறையும்.

துளசிங்கம் பெருமூச்சு விட்டார். மேஜை மேலிருந்த மூன்று கேஸ் கட்டுகள் பறந்தன.

“சிங்காரம்... போய் அந்த சமையல்காரரைக் கூட்டிகினு வா.”

*

ஸ்ரீகண்டன் வந்தார். ஐம்பது வயது. ஐந்து தலைமுறையாக மலைமேல் மடப்பள்ளியில் கரண்டி பிடித்த குடும்பம். முகூர்த்த நாட்களில் கீழே இறங்கிக் கல்யாணச் சமையலும் செய்வார். அவர் தாளித்தால், அரக்கோணத்தில் இறங்க வேண்டியவர்கள் வாசனை பிடித்துத் திருத்தணி வரை வந்துவிடுவார்கள். ரயில்வேக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இன்று அவர் மேல் வியர்வை வாசனைதான்.

“சண்டை எதுக்கு?” என்றார் துளசிங்கம்.

ஸ்ரீகண்டன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாம்பார்ல உப்பு பத்தலைன்னாரா?”

“சாம்பார்னே வெச்சுக்கோங்கோ.”

“வெச்சுக்கறதுக்கு இது என்ன பொரியலா? இலை ஓரமா? கொலைக் கேசுங்க!”

“நான் விஷம் வெக்கலை சார். அதே அண்டாவுலதானே முந்நூறு பேரும் சாப்ட்டா? ஒருத்தனுக்கு மட்டும் எப்படி வெப்பேன்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். சண்டை எதுக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க.”

ஸ்ரீகண்டன் தலைகுனிந்தார்.

“சொல்ல முடியாது சார். சொன்னா மடப்பள்ளிக் கரண்டியை வாங்கி வெச்சுண்டு அனுப்பிடுவா. எங்க தோப்பனார் பிடிச்ச கரண்டி...”

“ஏங்க! கொலைப் பழியைவிடப் பெரிய அசிங்கமா?”

ஸ்ரீகண்டன் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஆமா சார்... பெருசு!”

சிங்காரம் எழுதுவதை நிறுத்தினார்.

மணி பதினொன்று!

*

டாக்டர் ஷோபனா மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. கொட்டாவியை முகமூடிக்குள்ளேயே முடித்துக்கொண்டார்.

“விஷமெல்லாம் இல்லை சார். நுரையீரலைத் திறந்து பார்த்தேன். நனைஞ்ச பஞ்சு மாதிரி இருந்தது. இது காய்ச்சல்தான். ஃப்ளூ.”

“எழுதிக் குடுத்துடுங்களேன்... நானும் போய்ப் படுக்கறேன்.”

“சாம்பிள் சென்னைக்குப் போயிருக்கு. முடிவு வரணும். ஆனா ஒண்ணு சார்... எனக்கே குழப்பமா இருக்கு. இந்த சீசன்ல எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். இவ்வளவு வேகமா ஆளை முடிக்கிற காய்ச்சலைப் பார்த்ததில்லை.”

“அப்போ சாவும்போது எதுக்கு பந்தி பந்தின்னாரு?”

“அது மணியம்மையைத்தான் கேக்கணும். மூணு நாளா அவதான் கூட இருந்தா.”

நர்ஸ் மணியம்மை ஆந்திரா பக்கம் நகரிக்காரி. வாசலில் சுவரோடு சாய்ந்து, நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினார்கள்.

“ஆங் சார், சொன்னாரு. அதுக்கு முன்னாடி ‘நீள்ளு, நீள்ளு’ன்னு தண்ணி கேட்டுகினே இருந்தாரு. பாவம்...”

துளசிங்கம் கால் மாற்றி நின்றார்.

“இன்னா கேட்டாரு?”

“நீள்ளு சார். காய்ச்சல் ஏறினதும் தமிழே வரலை அவருக்கு. மூணு நாளும் தெலுங்குதான். எங்க பக்கத்து ஆளாம். புத்தூர்லேர்ந்து வீட்டோட மாப்பிள்ளையா வந்தவராம்.”

துளசிங்கம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“சிங்காரம்...”

“ஐயா?”

“தெலுங்குல பந்தின்னா இன்னாய்யா?”

சிங்காரம் வாயைத் திறந்தார். மூடவில்லை.

“ஐயோ... பன்னி!”

துளசிங்கத்துக்குத் தெலுங்கு தெரியும். சிங்காரத்துக்குத் தெரியும். டிராக்டரில் வந்த முப்பது பேருக்கும் தெரியும். இந்த ஊரில் மாடுகூட இரண்டு பாஷையில் திட்டு வாங்கும். ஆனால் கல்யாணம், சண்டை, சமையல்காரர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால், காது தமிழிலேயே நின்றுவிடுகிறது!

*

“பன்னி” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார் துளசிங்கம்.

ஸ்ரீகண்டன் உடைந்துவிட்டார்!

“மிஞ்சின சாதம், எச்சில் இலை... எல்லாத்தையும் குமரேசன்தான் வாரிண்டு போவான் சார். மண்டபம் மண்டபமா வருவான். மாட்டுக்குன்னு சொன்னான். அந்தத் திங்கக்கிழமை பந்தியிலதான் ஒருத்தர் எங்காதுல சொன்னார்... கே.ஜி.கண்டிகை கரும்புக் கொல்லைக்குள்ள கொட்டாய் போட்டுப் பன்னி வளர்க்கறான்னு!”

“அதான் ‘ஒரு பருக்கை கிடையாது’ன்னீங்களா?”

“ஆமா! ஸ்வாமிக்கு நைவேத்யம் பண்ற கை சார் இது. ரெண்டு வருஷமா பன்னிக்கு விருந்து வெச்சிருக்குன்னு தெரிஞ்சா...”

“கொலைகாரன்னாக்கூடப் பரவாயில்லையா?”

“கொலைன்னா நிரபராதின்னு சொல்லிக்கலாம் சார். இது நெஜமாவே பண்ணினது!”

துளசிங்கம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜீப்பில் ஏறச் சொன்னார். டாக்டர் ஷோபனாவையும் ஏற்றிக்கொண்டார்கள்.

மணி ஒன்றரை!

கரும்புக்கு நடுவே தகரக் கொட்டாய். உள்ளே ஏழு பன்றிகள். ஏழும் படுத்துக் கிடந்தன. ஏழுக்கும் மூக்கு ஒழுகியது.

லொக்!

திருத்தணி தாலுக்காவில் பன்றி இருமி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் இருமுகிற மாதிரியே இருக்கும்.

“கிட்டப் போகாதீங்க!” என்று டாக்டர் கத்தினார். “சார்... எனக்கு இப்பப் புரியுது.”

“எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க. நான் எஸ்.எஸ்.எல்.சி.”

“ஃப்ளூ வைரஸோட ஜீன் ஒரே கயிறா இருக்காது. எட்டுத் துண்டா இருக்கும். பன்னிக்குன்னு ஒரு பழைய காய்ச்சல் வைரஸ் உண்டு. அதுக்கு எட்டு. மனுஷக் காய்ச்சலுக்கு வேற எட்டு. பன்னி மூக்கு ஒரு சத்திரம் மாதிரி. அதோட வைரஸும் தங்கும், நம்மோடதும் தங்கும், கோழி, வாத்தோடதுகூடத் தங்கும்.”

“தங்கட்டும். அதனால?”

“ரெண்டு வைரஸ் ஒரே நேரத்துல ஒரே செல்லுக்குள்ள நுழைஞ்சா...”

டாக்டர் யோசித்தார். ஸ்ரீகண்டனைப் பார்த்தார்.

“மாமா, ஒரே மண்டபத்துல ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம். சமையல்கட்டு ஒண்ணுதான். ரெண்டு கோஷ்டியும் ஆளுக்கு எட்டு அண்டா கொண்டு வந்திருக்காங்க. முடிஞ்சு கிளம்பும்போது என்ன ஆகும்?”

“சர்வ நாசம் ஆகும்!” என்றார் ஸ்ரீகண்டன் உடனே. “இவா அண்டா ஆறும் அவா அண்டா ரெண்டும் ஒரே வண்டியில ஏறிடும். பேர் வெட்டியிருந்தாலும் பார்க்க மாட்டா. அடுத்த கல்யாணத்துல போய்ப் பார்த்தா, எது யாருதுன்னே தெரியாது!”

“அவ்வளவுதான் சார். கலந்து கிளம்பின அந்த வண்டிதான் புது வைரஸ். நம்ம பழைய காய்ச்சலை நம்ம உடம்புக்கு அடையாளம் தெரியும். இது யாருன்னே தெரியாது. தடுக்கறதுக்குள்ள ஆள் காலி!”

“அப்ப கொலை நடந்த இடம்...?”

“பன்னியோட மூக்கு!”

துளசிங்கம் தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.

கொலைகாரன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கைவிலங்கு மாட்டக் கை கிடையாது. எட்டுத் துண்டு. அதுவும் இரவல்!

“முப்பது பேருகிட்ட இதை எப்படிம்மா சொல்றது?” என்றார் சோர்வாக.

*

மூன்றரைக்குச் சொன்னார். அண்டாக் கதையைச் சொன்னார். முப்பது பேரும் கல்யாணத்தில் அண்டா தொலைத்தவர்கள். சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

சுலோச்சனா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பன்னியா? எம் புருஷனா? முருகா! கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போறேன்னுதானே சார் போவாரு! எனக்கு ஒண்ணுமே தெரியாதே! அந்தப் பக்கம் நான் கால் வெச்சதே இல்லையே!”

அவளுடைய மகள் ப்ரியாவுக்கு ஊருக்குள்ளேயே சம்பந்தம் பேசியிருந்தார்கள். வருஷம் தவறாமல் காவடி எடுக்கிற குடும்பம். பன்னிக் கொட்டாய் சமாசாரம் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். பிறகு, ‘அப்பன் திருட்டுத்தனமா பண்ணினதுக்குப் பொண்ணும் தாயும் என்ன செய்வாங்க?’ என்று மனசு இரங்கினார்கள்.

ஸ்ரீகண்டனைத் துளசிங்கம் அனுப்பி வைத்தார். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுந்தவரை ஊர் லேசில் விடுமா? அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் வேறு சமையல்காரரைப் பார்த்துக்கொண்டார்கள். மலைமேல் மடப்பள்ளியிலும் ‘கேஸ் முடியட்டும் சுவாமி’ என்று சொல்லிவிட்டார்கள்.

கேஸ் முடியவில்லை. ரிப்போர்ட் வரவேண்டும்.

வந்தது. நாலு வாரம் கழித்து.

*

டாக்டர் ஷோபனா காகிதங்களோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

“நாம நினைச்சது சரிதான் சார். பன்னிகளுக்குள்ள இருந்ததும் குமரேசன் உடம்புல இருந்ததும் ஒரே கலப்பு வைரஸ். ஆறு துண்டு பன்னியோடது. ரெண்டு துண்டு மனுஷனோடது.”

“அப்ப கேஸை மூடிடலாமா?”

“அந்த ரெண்டு துண்டு...”

துளசிங்கம் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். ‘ஆனால்’ என்று வரப்போகிற வாக்கியங்களை அவர் முப்பத்தோரு வருஷமாக முகர்ந்து பழகியவர்.

“வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்கும். தப்புத் தப்பா எடுக்கும். ப்ரூஃப் பார்க்க ஆளே கிடையாது. அப்படித்தான் அது நாளுக்கு நாள் மாறிக்கிட்டே போகுது. ஏழு பன்னிக்குள்ளயும் ஏழு பதிப்பு. ஆனா அந்த மனுஷத் துண்டுல ஒரு தப்பு மட்டும் எல்லாத்துலயும் ஒரே இடத்துல இருக்கு. குமரேசன் வைரஸ்லயும் இருக்கு.”

“இருக்கட்டுமே...”

“அவர் சாவறதுக்கு முந்தின மாசம் இந்தத் தாலுக்காவிலேர்ந்து நாற்பத்தோரு காய்ச்சல்காரங்க சாம்பிள் போச்சு. அதுல ஒரே ஒருத்தரோட வைரஸ்லதான் அந்தத் தப்பு. மத்த நாற்பதுலயும் இல்லை.”

“யாரு?”

“சுலோச்சனா!”

துளசிங்கம் காகிதங்களை அருகே இழுத்துக்கொண்டார்.

“வீட்டுல புருஷனுக்குக் குடுத்திருப்பா. அவரு கொண்டுபோய்ப் பன்னிக்குக் குடுத்திருப்பாரு.”

“இல்லை சார். மனுஷக் காய்ச்சல் குமரேசனுக்கு வந்ததற்கான அடையாளமே அவர் ரத்தத்துல இல்லை. அவருக்கு வந்தது ஒரே தடவை. கலந்ததுக்கு அப்புறம்... பன்னிகிட்டேர்ந்து. பன்னிகளுக்கு நேரே போய் இருமினது அந்தம்மாதான்.”

‘அந்தப் பக்கம் நான் கால் வெச்சதே இல்லையே!’

துளசிங்கம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு சிங்காரத்தை அனுப்பிச் சுலோச்சனாவை வரவழைத்தார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கையில் மகளின் கல்யாணப் பத்திரிகை.

“பத்திரிகை வெச்சுட்டுப் போலாம்னு நானே வரணும்னு இருந்தேன் சார்...”

“ரொம்ப சந்தோஷம்மா. ஒரு சின்ன சந்தேகம். அந்த ஏழு பன்னியையும் பத்திரமா அடக்கம் பண்ணியாச்சு. ரெஜிஸ்டர்ல ஒண்ணொண்ணா எழுதணும். கடைசியில நின்னுதே... காது கிழிஞ்ச கறுப்பு...”

“கறுப்புக்கு இல்லீங்க, வெள்ளைக்குத்தான் காது...”

நிறுத்தினாள்.

பத்திரிகை கீழே விழுந்தது.

துளசிங்கம் குனிந்து எடுத்துக் கொடுத்தார். குனிந்த முதுகு நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“பந்தின்னு சொன்னப்பவே உனக்குப் பன்னின்னு தெரியும். இல்லையாம்மா?”

அவள் அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

“இருபத்திரண்டு வருஷம் அவருகூடக் குடித்தனம் பண்ணவ சார். எனக்குத் தெரியாதா? காலையில அவரு மண்டபத்துக்கு இலை வாரப் போவாரு. நான் கொட்டாய்க்குப் போய்ப் போட்டுட்டு வருவேன். அவரு பந்தின்னப்போ பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் கேட்டுட்டாங்க. பன்னின்னு வெளியில தெரிஞ்சா எம் பொண்ணு சம்பந்தம் போயிடும்...”

“அதனால தமிழ்ல மாத்தி எழுதிக் குடுத்தியா?”

“சமையக்காரரு வாயைத் திறக்க மாட்டாருன்னு தெரியும் சார். திறந்தா அவரு கரண்டி போயிடும். விஷம் இல்லைன்னு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிடுவாங்க, ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்...”

“நாலு வாரமா அந்த மனுஷன் அடுப்பு மூட்டலைம்மா.”

அவள் தலை கவிழ்ந்தது. கவிழ்ந்தபடியே கேட்டாள்.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நான் போனதை ஒரு ஈ, காக்கா பார்க்கலையே?”

டாக்டர் ஷோபனா துளசிங்கத்தைப் பார்த்தார். அந்தக் காகிதத்தில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அவள் இருமல் பன்றிக்குள் புகுந்து, பழையதோடு கலந்து, புதுசாகத் திரும்பி வந்து யாரைக் கொன்றது என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது.

துளசிங்கம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

“காது கிழிஞ்சது வெள்ளைன்னு நீதானேம்மா சொன்னே...” என்றார்.

பிறகு குரலை இறக்கினார்.

“பொய்ப் புகாருன்னு உள்ள தள்ள எனக்குச் சட்டம் இருக்கு. தெம்புதான் இல்லை. ஒண்ணு செய். இங்கேர்ந்து நேரா ஸ்ரீகண்டன் வீட்டுக்குப் போ. அவரு வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி, ‘நான் தெரிஞ்சே பொய் சொன்னேன்’னு சொல்லு. ஏன்னு சொல்ல வேணாம். உம் பொண்ணு கல்யாணத்துக்குச் சமையல் அவருதான்னு அதே வாயால சொல்லு.”

“வருவாரா சார்?”

“வருவாரு. இலையை மட்டும் அவரே நின்னு புதைச்சுட்டுத்தான் போவாரு.”

சுலோச்சனா போனாள். அன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கேட்டதாகச் சொன்னார்கள். மறுவாரம் மடப்பள்ளியில் ஸ்ரீகண்டன் பெருங்காயம் பொரித்தபோது அரக்கோணத்தில் யாருமே இறங்கவில்லையாம்!

கேஸ் மட்டும் பாக்கி. சிங்காரம் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு பேனாவை உதறினார்.

“சாவுக்குக் காரணமானவர் பேருங்கய்யா?”

“வைரஸ்.”

“தகப்பன் பேரு?”

“ரெண்டு பேருய்யா. ஆறு துண்டு ஒருத்தன், ரெண்டு துண்டு இன்னொருத்தன்.”

“கட்டம் ஒண்ணுதாங்கய்யா இருக்கு.”

“கோடு போட்டு விடு.”

“தற்போதைய முகவரி?”

துளசிங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

ஹச்ச்ச்!

மேஜை ஆடியது. படிவம் நனைந்தது.

சிங்காரம் நாற்காலியைப் பத்தடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதினார்:

‘சப்-இன்ஸ்பெக்டர் மூக்கு, திருத்தணி.’